நிவாரண கன்டெய்னர் துறைமுகத்தில் நின்ற 19 நாட்கள்

சுங்க அதிகாரி பேனா மூடியால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். பேக்கிங் லிஸ்டில் 14-ஆவது வரி. "இதர நிவாரணப் பொருட்கள் – 6 பெட்டி" என்று இருந்தது. "இதர என்றால் என்ன?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

பெரிய சூறாவளி ஒன்றுக்குப் பிறகு பக்கத்து நாட்டிலிருந்து நாங்கள் அனுப்பிய 40 அடி கன்டெய்னர் அது. தார்ப்பாய்கள், குடிநீர் சுத்திகரிப்பு மாத்திரைகள், கைவிளக்குகள், ஒரு ஜெனரேட்டர். ஐந்து நாளில் சேகரித்து, ராத்திரி பகலாகக் கட்டி, ஆறு நாள் கப்பலில் வந்து சேர்ந்திருந்தது. வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடம் துறைமுகத்திலிருந்து லாரியில் இரண்டு மணி நேரம். கன்டெய்னர் துறைமுகத்துக்குள், நாங்கள் வாசலில். இப்படியே 19 நாட்கள் போயின.

அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. "மழையில் குழந்தைகள் நனைகிறார்கள், இவர்கள் காகிதம் கேட்கிறார்கள்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதில் பாதிதான் நியாயம் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. அதற்குப் பிறகு நிவாரணச் சரக்கு, காகிதம், அனுமதி இவையே என் வேலையாகிவிட்டன. இப்போது புதிதாக உதவிக்குக் கிளம்புகிற குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

என் அடிப்படைத் தவறு ஒரு நம்பிக்கை. பேரிடர் வந்துவிட்டால் எல்லைகள் தானாகத் திறக்கும், அதற்கு ஏதோ ஒரு சர்வதேசச் சட்டம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்று இல்லை. போருக்கு இருக்கிறது: 1949-இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களில் உலகின் எல்லா நாடுகளுமே சேர்ந்திருக்கின்றன. நிலநடுக்கத்துக்கும் புயலுக்கும் அந்த மாதிரி எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் கிடையாது. இருப்பதெல்லாம் ஒட்டுப்போட்ட துணி மாதிரிதான். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று, விமானங்களுக்கு ஒன்று, வட்டாரத்துக்கு வட்டாரம் ஒன்று. நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள்.

அந்தத் துணி முழுவதும் ஓடுகிற நூல் ஒன்றுதான்: சம்மதம். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம்தான் இன்றைக்கும் இந்தத் துறையின் அஸ்திவாரம். மனிதாபிமான உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடு தரப்பட வேண்டும், கொள்கையளவில் அந்த நாடு விடுக்கும் வேண்டுகோளின் பேரில் தரப்பட வேண்டும் என்கிறது அது. அதாவது, நான் எவ்வளவு நல்ல மனசோடு வந்தாலும் வீட்டுக்காரர் கதவைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

இந்த விதி எனக்கு ரொம்ப நாள் கசந்தது. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவை அடித்துப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறத்தாழ 1,38,000 பேர். உதவிப் பொருட்களோடு அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் கரைக்கு அப்பால் காத்துக் கிடந்தன. ராணுவ அரசு பொருட்களை ஓரளவு வாங்கிக்கொண்டது, வெளிநாட்டுப் பணியாளர்களை டெல்டாவுக்குள் விடத் தயங்கியது. சம்மதம் இல்லாமலே உள்ளே போக வேண்டும் என்று அப்போதைய பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னேர் வாதாடினார். அந்த வாதம் எடுபடவில்லை. மே 23 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் நேரில் போய்ப் பேசிய பிறகுதான் வழி பிறந்தது. அப்புறம் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், ஐ.நா., மியான்மர் அரசு மூன்றும் சேர்ந்த ஒரு குழு வேலையை நடத்தியது. பக்கத்து நாடுகள் என்பதால் ஆசியானை நம்பி வாசலைத் திறந்தார்கள். மூன்று வாரம் என்பது டெல்டாவில் எத்தனை உயிர் என்று யோசித்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்திலும் அப்படித்தான். துருக்கியிலிருந்து வடமேற்கு சிரியாவுக்கு ஐ.நா. லாரிகள் போக பாதுகாப்புச் சபை அனுமதித்திருந்தது பாப் அல்-ஹவா என்ற ஒரே எல்லைக் கடவை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஐ.நா.வின் முதல் வாகன அணி அந்த வழியாகப் போனது பிப்ரவரி 9-இல். இன்னும் இரண்டு கடவைகளைத் திறக்க டமாஸ்கஸில் இருந்த சிரிய அரசு ஒப்புக்கொண்டது பிப்ரவரி 13-இல். இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை உயிரோடு எடுக்கும் வாய்ப்பு முதல் மூன்று நாளில்தான் அதிகம் என்பது மீட்புப் பணியாளர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் சம்மதம் என்ற விதியையே தூக்கிவிடலாமா? கூடாது என்பதுதான் இன்று என் முடிவு. கேட்காமல் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. நல்லவர்களும் தெரியாமல் கெடுதல் செய்கிறார்கள். யார் வருகிறார்கள், எதைக் கொண்டு வருகிறார்கள், எப்போது போவார்கள் என்று கேட்கும் உரிமை அந்த மண்ணின் அரசுக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையோடு ஒரு கடமையும் கட்டப்பட வேண்டும், அவ்வளவுதான். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2016-இல் முடித்த 18 விதிகள் கொண்ட வரைவு இதைத்தான் செய்கிறது. தன் சக்திக்கு மீறியது என்று வெளிப்படையாகத் தெரிந்தால் உதவி கேட்பது அந்த அரசின் கடமை, சம்மதத்தைத் தன்னிச்சையாக மறுக்கக் கூடாது, யாராவது உதவி தர முன்வந்தால் முடிந்தவரை காலத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. களத்தில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும். "வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் நான் வேறு வேலை பார்ப்பேன். பதிலே வராத அந்த ஒரு வாரம்தான் ஆளைக் கொல்லும்.

சரி, என் கன்டெய்னருக்கு வருகிறேன். எங்கள் விஷயத்தில் சம்மதம் இருந்தது. அந்த நாட்டு அரசு புயல் அடித்த இரண்டாம் நாளே உலக நாடுகளிடம் உதவி கேட்டிருந்தது. நிவாரணப் பொருட்களுக்கு வரி கிடையாது என்று அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னதை நானே பார்த்தேன். அதைத்தான் அதிகாரியிடமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். "எனக்கு வந்த உத்தரவுகள் எல்லாம் இதில் இருக்கின்றன. நீங்கள் சொல்கிற உத்தரவு இதில் இல்லை. உங்கள் சரக்கை நான் விட்டு, நாளைக்குக் கணக்குத் தணிக்கை வந்தால், அந்த வரியை என் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னது சாக்காகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், சர்வதேசப் பேரிடர்ச் சட்டத்தின் மொத்தச் சிக்கலும் அந்த இழுப்பறையில்தான் இருந்தது. மேலே தலைவர்கள் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். அது கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு சுற்றறிக்கையாக வந்து சேருவதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன. சுங்க நடைமுறைகளுக்கான திருத்தப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் நிவாரணச் சரக்குக்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது: முன்னுரிமை கொடு, அலுவலக நேரம் முடிந்தாலும் பார், சுருக்கமான அறிவிப்பே போதும், வரி போடாதே என்று. ஆனால் அந்த அத்தியாயம் உள்ள இணைப்பை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். ஏற்ற நாடும் அதைத் தன் சுங்க விதியாக எழுதிக்கொண்டால்தான் கவுன்ட்டர் வரைக்கும் போகும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2007-இல் ஜெனீவாவில் கூடிய செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் 30-ஆவது சர்வதேச மாநாடு ஒரு வழிகாட்டு நெறியை ஏற்றது. வெளிநாட்டு உதவியை உள்ளே விடவும் ஒழுங்குபடுத்தவும் ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தில் என்னென்ன எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விசா, சுங்கம், டாக்டர்களின் தகுதியை அங்கீகரிப்பது, வங்கிக் கணக்கு, வாகனப் பதிவு என்று எல்லாம் இருக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தும் சக்தி அதற்கு இல்லை. ஆனால் அதை வைத்துத் தங்கள் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்திய நாடுகள் பல உண்டு. 2013-இல் ஒரு மாதிரிச் சட்டமே எழுதித் தந்துவிட்டார்கள். ஊர் பெயரைப் போட்டுத் தேவையான இடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏழை நாடுகளில்தான் இப்படி நடக்கும் என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை. 2005-இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவுக்கு உதவி செய்ய நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் முன்வந்தன. உதவி கொடுத்தே பழகிய அந்த நாட்டிடம் வாங்குவதற்கான ஏற்பாடு இல்லை. பிரிட்டன் விமானத்தில் அனுப்பிய ராணுவ உணவுப் பொட்டலங்கள் ஆர்கன்சாவில் ஒரு கிடங்கில் முடங்கின. மாட்டிறைச்சி இறக்குமதிக்குப் போட்டிருந்த தடைதான் காரணம், பைத்திய மாடு நோய்ப் பயத்தால் வந்தது. 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் சுவிட்சர்லாந்தின் மோப்ப நாய்களுக்குத் தனிமைப்படுத்தல் விதி குறுக்கே நின்றது. வெளிநாட்டு டாக்டர்களுக்கு ஜப்பானிய உரிமம் இல்லையே என்ற கேள்வியும் வந்தது. சாதாரண நாளில் எல்லாமே சரியான விதிகள்தான். பேரிடர் நாளுக்கு என்று ஒரு விதிவிலக்கை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை.

இனி அந்த 14-ஆவது வரி. ஆறு பெட்டிகளையும் திறந்தபோது இரண்டில் சட்டை துணிமணி. ஒன்றில் நாலு வாக்கி-டாக்கியும் இரண்டு சாட்டிலைட் போனும். எங்கள் ஆட்கள் களத்தில் பேசிக்கொள்ள வேண்டும் என்று யாரோ கடைசி நேரத்தில் வைத்தது. மீதி மூன்றில் மருந்துகள், நன்கொடையாக வந்தவை, வகைவகையாக.

வானொலிக் கருவி என்றதும் கோப்பு வேறு துறைக்குப் போய்விட்டது. பெரும்பாலான நாடுகளில் அலைவரிசைக்கு உரிமம் வேண்டும், பல இடங்களில் சாட்டிலைட் போன் பாதுகாப்பு விவகாரம். இதற்கென்றே 1998-இல் பின்லாந்தின் தாம்பெரே நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பேரிடர் உதவிக்கு வரும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு உரிமம், இறக்குமதித் தடைகளைத் தளர்த்துவது அதன் நோக்கம். 2005 ஜனவரி 8-இல் நடைமுறைக்கு வந்தது, ஆழிப்பேரலை அடித்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். ஆனால் எல்லா நாடுகளும் அதில் இல்லை. நாங்கள் போன நாடும் இல்லை. நான் முன்னமே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

மருந்துப் பெட்டிகளைப் பற்றி நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவற்றைச் சோதிக்க ஒரு மருந்தாளரை வரவழைத்தார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து வந்தவர், அங்கே நோயாளிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். தரையில் காகிதம் விரித்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்து காலாவதித் தேதியைப் படித்தார். சில அட்டைகளில் பாதி மாத்திரை ஏற்கெனவே தீர்ந்திருந்தது. சிலவற்றில் எழுதியிருந்த மொழி அவருக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் போனது. கடைசியில் ஒரு பெட்டி அளவுக்குத்தான் தேறியது. உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கென்று 1996-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது: வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடம் ஆயுள் இருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்களுக்குப் புரிகிற மொழியில் பெயர் இருக்க வேண்டும், நோயாளி திருப்பிக் கொடுத்த மருந்தை அனுப்பக் கூடாது. மூன்றையும் நாங்கள் மீறியிருந்தோம். அந்த மருந்தாளரின் மூன்று மணி நேரத்தை ஒரு பேரிடர் நாளில் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருந்த தடை இன்னும் பெரியது. பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டில், பெறுநராக அங்கிருந்த நண்பர் ஒருவரின் பெயரைப் போட்டிருந்தோம். வரிவிலக்கு உத்தரவு வந்தபோது, பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டும் என்று இருந்தது. தனி ஆளுக்கு இல்லை. பெயரை மாற்ற வேண்டுமென்றால் கப்பல் கம்பெனி சரக்கு ஏற்றிய துறைமுகத்திலிருந்து திருத்தம் செய்து தர வேண்டும். அதற்கு மட்டும் ஆறு நாள். இன்வாய்ஸில் மதிப்பு "பூஜ்யம்" என்று போட்டிருந்தோம், இலவசம்தானே என்று. சுங்கத்துக்குப் பூஜ்யம் என்ற மதிப்பு கிடையாது. விலக்குக் கொடுப்பதற்கும் எவ்வளவுக்கு விலக்கு என்று ஓர் எண் வேண்டும். இதற்கிடையில் கன்டெய்னர் வாடகையும், சரக்கை எடுக்கத் தாமதமானதற்கான டெமரேஜ் கட்டணமும் நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தன. வரிவிலக்கு அரசு தருவது. டெமரேஜ் கப்பல் கம்பெனியின் கணக்கு, அதை எந்த ஒப்பந்தமும் தானாகத் தள்ளுபடி செய்யாது. கடிதம் எழுதிக் கேட்டால் குறைக்கிற கம்பெனிகள் உண்டு. முதல் நாளே கேட்க வேண்டும்.

20-ஆவது நாள் லாரி பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே நீல நிறத் தார்ப்பாய்கள் கட்டியிருந்தார்கள். உள்ளூர் அமைப்பு ஒன்று, யாரோ அனுப்பிய பணத்தில், புயல் படாத பக்கத்து மாவட்டச் சந்தையில் இரண்டாவது வாரமே வாங்கிவிட்டதாம். எங்கள் தார்ப்பாய்களை நன்றி சொல்லி வாங்கிக் கிடங்கில் வைத்தார்கள். சுத்திகரிப்பு மாத்திரைகள் உடனே பயன்பட்டன, அதில் எனக்கு ஆறுதல்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்தப் பொருள் அந்த நாட்டிலேயே கிடைக்காதா என்பதுதான். கிடைக்கும் என்றால் பணமாக அனுப்புங்கள், அதுவும் ஏற்கெனவே வங்கிக் கணக்கும் வெளிநாட்டுப் பணம் பெற அனுமதியும் உள்ள உள்ளூர் அமைப்புக்கு. பணத்துக்கும் விதி உண்டு. ஆனால் பணத்துக்கு டெமரேஜ் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது.

பொருள்தான் வேண்டும் என்று அங்கிருந்தே கேட்டால், கட்டத் தொடங்கும் முன் அந்த நாட்டின் பேரிடர் மேலாண்மை அமைப்பிடமோ செஞ்சிலுவைச் சங்கத்திடமோ மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குவேன். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், யார் பெயருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பெறுநரின் பதிவு எண்ணும் அவர்கள் ஏற்றுக்கொண்ட கடிதமும் கையில் இல்லாமல் கன்டெய்னர் கதவைப் பூட்ட மாட்டேன். ஒரு பெட்டிக்குள் ஒரே வகைப் பொருள், வெளியே எண், பட்டியலில் அதே எண். விலை சந்தை மதிப்பில், "சுங்கப் பயன்பாட்டுக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல" என்ற குறிப்போடு. தொலைத்தொடர்புக் கருவியும் மருந்தும் தனிச் சரக்காக, தனி அனுமதியோடு போகும். ஒன்று மாட்டினாலும் மற்றது நிற்காது.

ஆட்களுக்கும் இதே கவனம் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் நிவாரண வேலை செய்வதை நான் இப்போது கடுமையாகத் தடுக்கிறேன். காயம் பட்டால் காப்பீடு பேசாது, நம்மால் யாருக்காவது கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று தெரியாது. மருத்துவர்கள் தனியாகக் கிளம்பாமல், உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய அவசர மருத்துவக் குழுக்களில் முன்கூட்டியே சேர்ந்துவிடுவது நல்லது. அங்கே தகுதிச் சான்றுகள் அமைதிக் காலத்திலேயே சரிபார்க்கப்பட்டிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், பலர் மாட்டுவது. திரும்பக் கொண்டுபோவோம் என்று சொல்லித் தற்காலிகமாக உள்ளே கொண்டுவந்த கருவியை, கிளம்பும்போது நல்ல மனசில் அங்கேயே கொடுத்துவிட்டு வரக் கூடாது. எங்கள் ஜெனரேட்டரை அப்படித்தான் கொடுத்தோம். திரும்பிப் போகாத இயந்திரத்துக்கு வரி கேட்டு, எட்டு மாதம் கழித்து, பெற்றுக்கொண்டவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. நிரந்தர நன்கொடை என்று மாற்றி எழுதிக் கொடுக்க ஒரு படிவம் இருந்திருக்கிறது.

2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, அந்த 2016 வரைவை வைத்து 2027 முடிவதற்குள் நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தை உருவாக்குவது என்று முடிவெடுத்தது. எனக்கு இது பெரிய செய்தி. சம்மதம், கடமை பற்றியெல்லாம் அதில் நிறையப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். சரக்கையும் ஆட்களையும் எளிதாக உள்ளே விட வேண்டும் என்ற விதியும் வரைவில் இருக்கிறது. அதை நீர்த்துப்போக விடாமல், ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்று அழுத்தினால் போதும் என்று நினைக்கிறேன்.

கன்டெய்னர் வெளியே வந்த அன்று அந்தச் சுங்க அதிகாரி என்னிடம் ஒன்று கேட்டார். எங்கள் கோப்பில் இருந்த வரிவிலக்கு உத்தரவை நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று. அது தலைமையகத்திலிருந்து அவருக்கு அதுவரை நேரடியாக வந்து சேரவே இல்லை. நகல் எடுத்து, பெறுநர் யாராக இருக்க வேண்டும் என்ற பத்தியைச் சிவப்பு மையால் கட்டம் போட்டு, கவுன்ட்டர் கண்ணாடியில் வெளியே இருப்பவர்கள் படிக்கிற மாதிரி ஒட்டினார். இன்னும் இரண்டு கப்பல் அந்த வாரம் வரவிருந்தது.